பழைய 12 வோல்ட் டிரில் பேட்டரி: ரெண்டு செல் மட்டும் மாத்துனா போதுமா, லித்தியத்துக்குப் போயிரலாமா?

அம்பை தச்சுப்பட்டறை கேட்டது:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். பழைய 12 வோல்ட் கார்ட்லெஸ் டிரில், நிக்கல் காட்மியம் பேக். கம்பெனி இந்தப் பேக்கை நிறுத்திட்டாங்க. மெஷின்ல குறை ஒண்ணுமில்ல. கியர், சக், கிளட்ச், டிரிகர் சுவிட்ச் எல்லாம் சரியா இருக்கு, கார்பன் பிரஷ்ஷும் பாதிக்கு மேல கெடக்கு. பேக் ரெண்டும்தான் போச்சு.

திறந்து பாத்தாச்சு. ஒவ்வொண்ணுலயும் சப்-சி சைஸ் செல் பத்து, 1.5 ஆம்பியர்-அவர். ஃபுல் சார்ஜ் போட்டு ஒரு ராத்திரி வச்சு அளந்ததுல, முதல் பேக்ல எட்டு செல் 1.30-லேருந்து 1.33 வரைக்கும் காட்டுது, மீதி ரெண்டும் சுத்தமா ஜீரோ. மொத்தம் 10.5. ரெண்டாவது பேக்ல பத்து செல்லும் 1.28-க்கு மேல, மொத்தம் 12.9. பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா பத்துப் பதினஞ்சு ஸ்குரூ ஏறுறதுக்குள்ள படுத்துருது. சார்ஜர் ஒரு மணி நேர ஃபாஸ்ட் சார்ஜர், பேக்ல மூணு பின். மூணாவது பின் உள்ள ஒரு தெர்மிஸ்டருக்கு, அதாவது சூட்டை அளக்குற சின்ன சென்சாருக்குப் போகுது.

வேலை என்னன்னா கீல், கொண்டி, நிலை பொருத்துறது. அதோட பனங்கைல, அதாவது கூரைக்குப் போடுற பனைச் சட்டத்துல, 10 மில்லி ஓட்டை. பனை வைரத்துல பிட் நாரைப் பிடிச்சுக்கிட்டா மெஷின் நின்னு முனகும், அந்த நேரத்து இழுவையையும் பேக் தாங்கணும்.

ஜீரோ ஆன ரெண்டு செல்லை மட்டும் மாத்தலாமா? பத்தையும் மாத்தணுமா? இல்ல லித்தியமா?

---

மீட்டர் முள், பாளை:

சும்மா இருக்கும்போது அளந்த வோல்டேஜை வச்சு நிக்கல் செல்லை நம்பக் கூடாது. உங்க ரெண்டாவது பேக்தான் அதுக்கு அத்தாட்சி. லோடு கொடுத்து அளங்க. 12 வோல்ட் 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒண்ணு போதும், கிட்டத்தட்ட நாலரை ஆம்பியர் இழுக்கும். 1.5 ஆம்பியர்-அவர் பேக் நல்ல நிலைமையில இருந்தா அந்தப் பல்பை சுமார் 20 நிமிஷம் எரிக்கணும். பல்பு எரியும்போதே மீட்டர் முனையை ஒவ்வொரு செல்லா வச்சுப் பாத்துக்கிட்டே வாங்க. நல்ல செல் ரொம்ப நேரம் 1.2 பக்கத்துலயே நிக்கும். கெட்டது ரெண்டு மூணு நிமிஷத்துல 1.0-க்குக் கீழ விழுந்து, அப்புறம் ஜீரோவைத் தாண்டி மைனஸ் காட்டும். மைனஸ் வந்த உடனே பல்பைக் கழட்டிருங்க. மொத்தம் 10 வோல்ட் வந்தாலும் நிறுத்திருங்க.

அந்த மைனஸ்தான் பேக்கைக் கொல்லுறது. பத்து செல்லும் வரிசையா இருக்கு, அதுல இளைச்ச செல் முதல்ல காலியாகும். மத்த ஒன்பதும் அது வழியா கரண்டைத் தள்ளிக்கிட்டே இருக்கிறதால அது தலைகீழா சார்ஜ் ஆகுது. உள்ள வாயு சேர்ந்து, அழுத்தம் ஏறி, வென்ட் திறந்து எலக்ட்ரோலைட் போயிரும். தொப்பி ஓரத்துல வெள்ளைப் பொடி பூத்திருந்தா அது இதுதான்.

ரெண்டு செல்லை மட்டும் மாத்துறதுக்கு வருவோம். புது செல் ரெண்டும் முழு கொள்ளளவு, பழைய எட்டும் ஆளுக்கு ஒரு அளவு. அடுத்து இளைச்சது எதுவோ அது அடுத்த மாசம் மைனஸுக்குப் போகும். திரும்பத் திறக்கணும், திரும்ப ஈயம் வைக்கணும். காசு செலவில்லாம ஒரு பேக்காவது ஓடணும்னா வேற வழி இருக்கு: ரெண்டு பேக்லயும் இருக்கிற பதினெட்டு உயிருள்ள செல்லையும் மேல சொன்ன மாதிரி சோதிச்சு, கிட்டத்தட்ட ஒரே நிமிஷத்துல 1.0-க்கு வர்ற பத்தை எடுத்து ஒரு பேக்கா கட்டுங்க. கீல் மாட்டுற வேலைக்கு அது கொஞ்ச நாள் ஓடும். பனங்கைக்கு ஓடாது.

---

பேட்டை ரீவைண்டிங்:

ஜீரோ ஆன செல்லை உடனே தூக்கிப் போடாண்டாம் வே. கார் பேட்டரியில ரெண்டு வயரை எடுத்து, பிளஸ்ஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ், ஒரு நொடி தட்டி எடுத்தா வோல்டேஜ் வந்துரும். ஊர்ல பாதிப் பேரு அப்படித்தான் ஓட்டுதாங்க. இன்னொண்ணு, டிரிகரை டேப் போட்டுக் கட்டி, மோட்டார் நிக்குத வரைக்கும் ஓடவிட்டுட்டு சார்ஜ் போட்டா மெமரி எஃபெக்ட் (முழுசா காலியாகாம சார்ஜ் போட்டுப் போட்டு பேக் கொள்ளளவு குறைஞ்ச மாதிரி ஆகுதது) போயிரும்.

---

மீட்டர் முள், பாளை:

தட்டினா வோல்டேஜ் வரும், உண்மைதான். காட்மியம் ஊசி ஊசியா வளர்ந்து செப்பரேட்டரை, அதாவது பிளஸ்ஸையும் மைனஸையும் பிரிக்கிற நடுத் தடுப்பைத் துளைச்சு உள்ளேயே ஷார்ட் ஆகியிருக்கு. தட்டும்போது அந்த ஊசி எரிஞ்சு அறுந்துருது. துளை அப்படியேதான் இருக்கு, ஊசி அதே இடத்துல மறுபடி வளரும். அதுவரைக்கும் அந்த செல் சார்ஜை ஒழுகவிட்டுக்கிட்டே இருக்கும், காலையில போட்ட சார்ஜ் சாயங்காலம் இருக்காது. தட்டுற நொடியில செல் வெடிச்சு முகத்துல கார நீர் தெறிக்கிற வாய்ப்பும் உண்டு. லித்தியம் செல்லுல இந்த வேலையை யாரும் நினைச்சுக்கூடப் பாக்க வேண்டாம்.

டேப் வைத்தியம் அதைவிட மோசம். மோட்டார் முழுசா நிக்கிற வரைக்கும் ஓடவிட்டா இளைச்ச செல் கட்டாயம் மைனஸுக்குப் போகும். மெமரின்னு சொல்லிச் சொல்லியே நல்ல பேக்கை எல்லாம் கொன்னாச்சு. மெஷின் வேகம் குறையுறது காதுக்குத் தெரிஞ்ச உடனே கழட்டி சார்ஜ்ல போடுங்க, நிக்கல் பேக்குக்கு அவ்வளவு காலி பண்ணினா தாராளம்.

---

வி.கே.புரம் சால்டர்:

சார்ஜர் நல்லா இருக்கு, மெஷினைத் தினம் தூக்கப் போறதில்லன்னா பத்து சப்-சி செல்லையும் புதுசா மாத்துறதுதான் தொல்லையில்லாத வழி. பழைய சார்ஜர் அப்படியே ஓடும். எப்படிச் செய்யணும்னு சொல்லுதேன்.

செல் வாங்கும்போது டேக் வச்சதா கேட்டு வாங்குங்க, அதாவது ரெண்டு முனையிலயும் நிக்கல் நாக்கு வெல்டு பண்ணி வர்றது. அளவு 23 மில்லி விட்டம், 43 மில்லி உயரம். சில பேக்ல 33, 34 மில்லி உயரமுள்ள குட்டை செல் இருக்கும், அதனால அளந்துட்டு ஆர்டர் போடுங்க. மெல்லிசு பேக்குக்கு 43 வாங்கிட்டு மூடி மூடாம நிக்கிறது அடிக்கடி நடக்கிறது. 3000 மில்லி ஆம்பியர்-அவர்னு அச்சடிச்ச நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு சப்-சி உண்மையானதா இருந்தா 55 கிராமாவது இருக்கும். தராசுல 40-தான் காட்டுதுன்னா உள்ள சரக்கு கம்மி.

பிரிக்கிறதுக்கு முன்னால நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கோங்க. தொப்பி மட்டும்தான் பிளஸ், சுத்தி இருக்கிற டப்பா முழுக்க மைனஸ். செல் மேல இருக்கிற சட்டை கிழிஞ்சு பக்கத்து செல்லோட உரசினா ஷார்ட். கிழிஞ்சதுக்கு ஹீட் ஷ்ரிங்க் போடுங்க, தொப்பியைச் சுத்தி பார்லி பேப்பர் (கரண்ட் கடத்தாத அட்டை) வளையம் ஒட்டுங்க.

ஈயம் வைக்கிறது நாக்கோட நாக்குதான், செல் மேல நேரா இல்ல. 25 வாட் அயர்ன் இதுக்கு ஆகாது. முனை சின்னது, சூடு ஏற நேரமாகும், அந்த நேரம் முழுக்க சூடு செல்லுக்குள்ள இறங்கும். 60 வாட்டுக்கு மேல, உளி மாதிரி அகல முனை. ரெண்டு நாக்கையும் முதல்ல தனித்தனியா பூசிட்டு, சேர்த்து வச்சு ரெண்டு மூணு செகண்டுல முடிக்கணும். ரோசின் ஃப்ளக்ஸ் போதும். தகரத்துக்கு ஊத்துற ஆசிட் ஃப்ளக்ஸைத் தொடாதீங்க, ஆறு மாசத்துல நாக்கைத் தின்னுரும்.

தெர்மிஸ்டர் ரொம்ப முக்கியம். அது பழைய இடத்துல, நடு செல்லோட உடம்புல ஒட்டி உக்காரணும். காத்துல தொங்கவிட்டா சூடு சார்ஜருக்குத் தெரியாது, பேக் வெந்துபோகும். இதே இடத்துல சில பேக்ல தெர்மிஸ்டருக்குப் பதிலா 45 டிகிரியில விடுபடுற சின்ன பைமெட்டல் சுவிட்ச் இருக்கும், அதுக்கும் இதே விதிதான்.

காட்மியமா ஹைட்ரைடான்னா, உங்க சார்ஜருக்குக் காட்மியம் பொருத்தம். நிறைஞ்ச நேரத்துல வோல்டேஜ் கொஞ்சம் சரியும், சார்ஜர் அதைப் பாத்துதான் நிறுத்துது. காட்மியத்துல அந்தச் சரிவு செல்லுக்கு 10-லேருந்து 20 மில்லி வோல்ட், ஹைட்ரைடுல அதுல பாதிதான். காட்மியத்துக்குன்னு செஞ்ச சார்ஜர் அதைக் கவனிக்காம தாண்டிப் போயிரலாம், அப்போ தெர்மிஸ்டர் ஒண்ணுதான் காவல். ஹைட்ரைடு போட்டா முதல் நாலஞ்சு சார்ஜுக்குப் பக்கத்துலயே இருந்து தொட்டுப் பாருங்க. கை வைக்க முடியாத சூடுன்னா அந்த ஜோடி சேராது.

புதுப் பேக்குக்கு முதல் சார்ஜ் மெதுவா: 1.5 ஆம்பியர்-அவருக்கு 150 மில்லி ஆம்பியர், 14-லேருந்து 16 மணி நேரம். பத்து செல்லும் ஒரே மட்டத்துக்கு வர்றதுக்குத்தான் இது. முழு பலம் மூணு நாலு சார்ஜ் ஆன பிறகுதான் தெரியும், முதல் நாளே குறை சொல்லாதீங்க. சித்திரை வெயில்ல தகரக் கொட்டகைக்குள்ள வேலை பாத்துட்டு சுடச்சுடப் பேக்கை சார்ஜ்ல போட்டா சார்ஜர் ஏத்துக்காது. அது பழுதில்ல. அரை மணி நேரம் நிழல்ல வச்சுட்டுப் போடுங்க.

---

கடையம் 18650:

பனங்கை, வைரம், நின்னு முனகுறதுன்னு சொல்லிட்டீங்க. அந்த வேலைக்கு லித்தியம்தான் என் ஓட்டு. ஆனா ஒரு நிபந்தனை: செல்லோட சேர்த்து சார்ஜரையும் மாத்தணும். அந்தச் செலவை ஒத்துக்க மனசில்லன்னா வி.கே.புரத்துக்காரர் சொன்னதையே செய்யுங்க.

12 வோல்ட் நிக்கல் பேக்குக்குப் பதில் மூணு லித்தியம் வரிசையா. நிறைஞ்சா 12.6, சராசரி 10.8. நாலு வரிசை வச்சா 16.8; வேகம் பிரமாதமா இருக்கும், டிரிகர் சுவிட்சுக்குள்ள கரண்டைக் கட்டுப்படுத்துற மாஸ்ஃபெட்டும் மோட்டார் கார்பனும் சீக்கிரம் போயிரும். 14.4 வோல்ட் மெஷினுக்கு நாலு, 18-க்கு அஞ்சு.

இந்த அளவு மோட்டார் நின்னுபோற நேரத்துல 30, 40 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். அதனால மூணு செல் போதாது, ஆறு போடுங்க: ரெண்டு ரெண்டா இணைச்சு மூணு ஜோடி. இடம் இருக்கான்னா கணக்குப் பாருங்க. பல பேக்ல அடிப்பெட்டியில ஒன்பது சப்-சி, மூக்குக்குள்ள ஒண்ணு. ஒன்பதும் மூணுக்கு மூணா நின்னா 69க்கு 69, உயரம் 43 மில்லி. 18650 செல்லை (18 மில்லி விட்டம், 65 மில்லி நீளமுள்ள லித்தியம் செல்) படுக்க வச்சு மூணு மூணா ரெண்டு அடுக்கு போட்டா 65 நீளம், 55 அகலம், 37 உயரம். பக்கத்துல 13, 14 மில்லி இடைவெளி மிஞ்சும், பி.எம்.எஸ் போர்டு, அதாவது வோல்டேஜும் கரண்டும் எல்லை மீறினா வெட்டி செல்லைக் காக்குற போர்டு, அங்க நிக்கும். மூக்குல வெறும் வயர் மட்டும். மூலை உருண்ட பெட்டின்னா இடிக்கும், அட்டையில மாதிரி வெட்டி வச்சுப் பாத்துட்டு செல் வாங்குங்க.

செல்லுல சாம்சங் 25ஆர் (2500 மில்லி ஆம்பியர்-அவர், 20 ஆம்பியர்), எல்.ஜி எச்.ஜி.2 (3000, 20 ஆம்பியர்) ரெண்டும் இந்த வேலைக்கே செஞ்சது. 18650 உடம்புக்குள்ள 3600-க்கு மேல பெரும்பாலும் அடைக்க முடியாது. 9900, 6800-ன்னு அச்சடிச்சதைக் கையால தொடாதீங்க. நல்ல செல் 43 கிராமுக்குக் குறையாது. லேப்டாப் பேட்டரியை உடைச்சு எடுத்த செல்லையும் கேப்பீங்க, இப்பவே சொல்லிருதேன்: அது மெதுவா கொடுக்கிறதுக்குச் செஞ்சது. நாலஞ்சு ஆம்பியருக்கு மேல கேட்டா வோல்டேஜ் சரிஞ்சு, சூடாகி, பி.எம்.எஸ் வெட்டிரும். சோலார் விளக்குல வர்ற 32650 பெரிய செல், மூணு சேர்ந்து இந்தப் பெட்டிக்குள்ள போகாது.

ஆறு செல்லையும் ஒரே வோல்டேஜுக்குக் கொண்டுவந்துட்டு ஜோடி சேருங்க, வித்தியாசம் 0.05-க்குள்ள. இல்லன்னா சேர்த்த நொடியில ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்குக் கரண்ட் பாயும். 18650 மேல ஈயம் வைக்காதீங்க, ஸ்பாட் வெல்டிங் மட்டும். இ-பைக் பேட்டரி கட்டுற கடையில பட்டை சேர்த்தே அடிச்சுக் கொடுப்பாங்க. 0.15 மில்லி தடிப்பு, 8 மில்லி அகல சுத்த நிக்கல் பட்டை ஒண்ணு ஆறேழு ஆம்பியர்தான் சூடாகாம தாங்கும். ஜோடிக்கு ஜோடி போற இடத்துல ரெண்டு பட்டை, ஒவ்வொண்ணும் ரெட்டை அடுக்கு. அடிச்ச பிறகு மிச்சத் துண்டைக் குறடால உரிச்சுப் பாருங்க. பட்டை கிழிஞ்சு, புள்ளி செல்லுலயே ஒட்டி நின்னா நல்ல வெல்டு. சுத்தமா கழண்டு வந்தா மறுபடி அடிக்கணும்.

பி.எம்.எஸ் மூணு வரிசைக்கானது, 40 ஆம்பியர், பேலன்ஸ் (மூணு ஜோடியையும் ஒரே வோல்டேஜுக்குக் கொண்டுவர்றது) உள்ளதுன்னு கேளுங்க. 20 ஆம்பியர் போர்டு போட்டா டிரிகரை முழுசா அழுத்துன உடனே வெட்டிரும். பேலன்ஸ் வயர் நாலும் ஜீரோ, 4.2, 8.4, 12.6 வரிசையில போகணும். ஒண்ணு மாறுனாலும் போர்டு புகையும், அதனால ஈயம் வைக்கிறதுக்கு முன்னால ஒவ்வொரு வயரையும் மீட்டர்ல பாருங்க. டிரில் பின்னுக்குப் போற ரெண்டு வயரும் 4 ஸ்கொயர் எம்.எம் சிலிக்கான் வயர்.

சார்ஜருக்கு 12.6 வோல்ட் 2 ஆம்பியர் லித்தியம் சார்ஜர். பெட்டி ஓரத்துல ஒரு டி.சி சாக்கெட் பொருத்திக்கோங்க. 5 ஆம்பியர்-அவர் பேக் மூணு மணி நேரத்துல நிறையும்.

---

அம்பை தச்சுப்பட்டறை:

தெளிவா சொன்னீங்க அண்ணாச்சி. ஒரு சந்தேகம். 4.2-க்கு மேல போனா பி.எம்.எஸ்ஸே வெட்டிருமே, அப்போ பழைய சார்ஜர்லயே போட்டா என்ன?

---

கடையம் 18650:

கூடவே கூடாது. பி.எம்.எஸ் கடைசிக் காவல், சார்ஜர் இல்ல. அந்தப் பழைய சார்ஜர் பத்து நிக்கல் செல்லை நிறைக்கச் செஞ்சது, 12.6-ஐத் தாண்டிப் போகும். நிறையும்போது கரண்டைக் குறைக்கிறது அதுக்குத் தெரியாது. அது தேடுற வோல்டேஜ் சரிவு லித்தியத்துல வராது. போர்டுல ஒரு மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனா தடுக்க ஆளில்ல, தீப்பிடிக்கும்.

இன்னொண்ணையும் செஞ்சிருங்க. தெர்மிஸ்டர் வயரை வெட்டிட்டு மூணாவது பின்னைக் கழட்டிருங்க. பெரும்பாலான ஃபாஸ்ட் சார்ஜர் அது இல்லன்னா ஆரம்பிக்காது. பட்டறையில வேலை பாக்கிற பையன் தெரியாம மாட்டிட்டாலும் தப்பிச்சிரலாம். ஒரு பேக் நிக்கல், ஒரு பேக் லித்தியம்னு கலந்து வச்சுக்கவே வேண்டாம்.

---

உவரி உப்புக்காத்து:

பட்டை விஷயத்துல ஒரு வார்த்தை. சுத்த நிக்கல்னு சொல்லி நிக்கல் முலாம் பூசுன இரும்பை விக்கிறது நிறைய. காந்தம் ரெண்டையும் இழுக்கும், அதை வச்சுக் கண்டுபிடிக்க முடியாது. கிரைண்டர் கல்லுல ஓரத்தைத் தொடுங்க: இரும்புன்னா பொறி பறக்கும், நிக்கல்னா பறக்காது. இல்லன்னா சாண்ட்பேப்பர்ல சுரண்டி உப்புத் தண்ணில ஒரு ராத்திரி போட்டு வைங்க, இரும்பா இருந்தா காலையில துரு தெரியும். முலாம் இரும்புக்கு மின்தடை கூட. கடலோரத்துல வேலைக்குப் போறவங்களுக்கு வெல்டு புள்ளியிலேயே துரு பிடிச்சு பட்டை கையோட வந்துரும்.

கழிச்ச காட்மியம் செல்லை ஆத்தங்கரையில, குப்பைமேட்டுல போடாதீங்க. காட்மியம் விஷம், மண்ணுல இறங்கினா போகாது. எரிச்சா இன்னும் மோசம். 2022 பேட்டரிக் கழிவு விதிப்படி தயாரிச்சவங்கதான் கழிவைத் திரும்ப எடுக்கிறதுக்குப் பொறுப்பு. கொடுக்கிற வரைக்கும் முனையில டேப் ஒட்டி பிளாஸ்டிக் டப்பாவுல வைங்க.

---

பேட்டை ரீவைண்டிங்:

பட்டறைக்குள்ள மேசையில வச்சு பண்ணுத வேலைதான் அதிகம்னா இவ்வளவு மெனக்கெட வேண்டாம் வே. செத்த பேக்ல செல்லை எடுத்துட்டு வெறும் பெட்டியில ரெண்டு வயரைக் கொடுத்து, 12 வோல்ட் யு.பி.எஸ் பேட்டரி, 7 ஆம்பியர்-அவர், அதுல சேர்த்துருங்க. பிளஸ் பக்கம் பேட்டரி ஓரத்துலயே 30 ஆம்பியர் ப்ளேட் ஃப்யூஸ். வயர் 4 ஸ்கொயர், ரெண்டு மீட்டருக்கு மேல வேண்டாம். அதுல 30 ஆம்பியர் போனா அரை வோல்ட்தான் இறங்கும். வீட்டு வயரிங்ல மிஞ்சுன ஒன்றரை ஸ்கொயரைப் போட்டா ஒன்றரை வோல்ட் இறங்கும், மெஷின் சோர்ந்து நிக்கும். கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ் ஆகாது, மோட்டார் கிளம்புத இழுவைக்கு அது ட்ரிப் ஆயிரும்.

---

அம்பை தச்சுப்பட்டறை:

மேசைக்கு யு.பி.எஸ் பேட்டரி, வெளி வேலைக்கு லித்தியம் ஒண்ணுன்னு முடிவு பண்ணியாச்சு. நிக்கல் சார்ஜரை எடுத்து உள்ள வச்சிருதேன். பனங்கைல பிட் மாட்டி பி.எம்.எஸ் வெட்டிட்டா எப்படித் திரும்ப வரவைக்கிறது?

---

கடையம் 18650:

டிரிகரை விட்டதும் சில போர்டு ஒண்ணு ரெண்டு செகண்டுல தானா திரும்பும். சிலது திரும்பாது, அதுக்கு சார்ஜரை ஒரு நொடி சொருகி எடுத்தா விழிச்சுக்கும். வெளி வேலைக்குப் போறதால வாங்கும்போதே தானா திரும்புற வகையான்னு கேட்டுக்கோங்க. பனங்கைக்கு கியர் ஒண்ணுல வைங்க, 10 மில்லியை ஒரே மூச்சுல இறக்காம முதல்ல 5 மில்லி ஓட்டை போட்டுட்டு அகலமாக்குங்க, பாதியில ரெண்டு தடவை பிட்டை வெளிய இழுத்து நாரைத் தள்ளிவிடுங்க. அப்புறமும் அடிக்கடி வெட்டினா போர்டைக் குறை சொல்லுறதுக்கு முன்னால மூணு ஜோடியையும் லோடுல அளந்து பாருங்க. ஒரு ஜோடி மட்டும் மத்ததைவிட அரை வோல்ட் கீழ இறங்கினா அந்த இடத்து வெல்டு விட்டிருக்கும்.